மண்முனைத் துறையும் கொக்கட்டிச்சோலை வீதியும்

மட்டக்களப்பின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் அரசரையும் வன்னிமைகளையும் கோட்டையையும் கோயில்களையும் பற்றி விரிவாக எழுதியுள்ளனர். எஸ். ஓ. கனகரத்தினம் 1921ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்ட மாவட்ட விவரண நூலும், எப். எக்ஸ். சி. நடராசா 1962இற் பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்', வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' ஆகியனவும் இத்துறையில் நமக்கு வாய்த்த பெருஞ்செல்வங்கள். ஆயினும் மக்கள் நாள்தோறும் நடந்த வழிகளைத் தனிப்பொருளாகக் கொண்டு ஆராயும் முயற்சி இன்னும் போதிய அளவு நிகழவில்லை. மட்டக்களப்பு வாவியின் கீழ்க்கரையில், ஆரையம்பதிக்குத் தெற்கே தாழங்குடாவை அடுத்துப் பெருந்தெருவிலிருந்து பிரிந்து, மண்முனையில் நீரைக் கடந்து, மகிழடித்தீவின் வழியாகக் கொக்கட்டிச்சோலையை அடையும் சிறு வீதியை நாம் இங்கு எடுத்துக்கொள்கின்றோம். சைக்கிளிற் செல்வோன் ஒரு மணி நேரத்துக்குள் இதனைக் கடந்துவிடலாம். நீளத்தால் அற்பமான இவ்வீதியின் வரலாறு, வாவியின் இரு கரைகளுக்கும் இடையே நிலவிய உறவின் வரலாறாகவே அமைந்துள்ளமையை இக்கட்டுரை காட்ட முயலும்.

முதலில் நிலத்தின் அமைப்பை நோக்குதல் வேண்டும். மட்டக்களப்பு வாவி வடக்கே செங்கலடி, ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனையின் அயல்வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. கடலுக்கும் இவ்வாவிக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய மணற்பட்டி எழுவான்கரை எனவும், வாவிக்கு மேற்கேயுள்ள அகன்ற வயல்நிலமும் அதனை அடுத்த காடும் படுவான்கரை எனவும் வழங்கும். ஞாயிறு எழும் கரை, ஞாயிறு படும் கரை என்பது இவற்றின் பொருள். இப்பெயர்களில் ஒரு நுட்பம் உண்டு. கீழ்க்கரையில் நிற்பவனுக்கு ஞாயிறு கடலில் எழுகின்றது. தான் நிற்கும் கரையில் எழுவதில்லை. மேற்குக் கரையிலுள்ளவனுக்கு ஞாயிறு படுவது தன் வயலுக்கும் காட்டுக்கும் அப்பால். ஒரு கரையில் ஞாயிறு எழுந்து மறு கரையிற் படுவதை ஒருசேரக் காண்பவன் வாவியின் நடுவே தோணியில் இருப்பவனே. இவ்விரு பெயர்களையும் இட்டவர்கள் நீரின்மேல் நின்று நிலத்தைப் பார்த்தவர்கள் என நாம் கருதுகின்றோம்.

ஊர்ப்பெயர்களும் இக்கருத்துக்கு அரண் செய்கின்றன. கோட்டைமுனை, கல்முனை, மண்முனை என முனைகள். நாவற்குடா, தாழங்குடா, முதலைக்குடா, கன்னன்குடா எனக் குடாக்கள். புளியந்தீவு, வவுணதீவு, மகிழடித்தீவு, அரசடித்தீவு, போரதீவு எனத் தீவுகள். அம்பிளாந்துறை எனத் துறை. இவற்றுட் பல இன்று நிலவழியே செல்லக்கூடிய ஊர்கள். தரைவழி வருபவனுக்கு மகிழடித்தீவு ஏன் தீவாயிற்று என்பது விளங்குவது அரிது. தோணியில் வந்து கரையேறியவனுக்கோ அஃது இயல்பான பெயர். வாவியைச் சூழ்ந்த ஊர்களின் பெயர்ப்பட்டியல் முழுவதையும் நீர்வழிச் செல்வோனின் குறிப்பேடு என்றே கூறலாம்.

இப்பெயர்களுள் மண்முனை தனித்து நோக்கற்பாலது. நீருக்குள் நீண்ட மண்ணின் முனை என்பதே இதன் நேர்பொருள். வாவி ஒடுங்கும் இவ்விடம் கடப்பதற்கு வசதியான துறையாக அமைந்தமை வியப்பன்று. ஆனால் இச்சிறு முனையின் பெயர் எவ்வளவு தூரம் பரவியுள்ளது என்பதே நம் கவனத்தை ஈர்க்கின்றது. இன்றைய பிரதேச செயலாளர் பிரிவுகளுள் மண்முனை வடக்கு, மண்முனைப்பற்று, மண்முனை தெற்கும் எருவில் பற்றும், மண்முனை மேற்கு, மண்முனை தென்மேற்கு என ஐந்து இப்பெயரைத் தாங்குகின்றன. மட்டக்களப்பு நகரும் ஆரையம்பதியும் களுவாஞ்சிகுடியும் முன்னைய மூன்றில் அடங்கும்; வவுணதீவும் கொக்கட்டிச்சோலையும் பின்னைய இரண்டில் அடங்கும். ஒரு துறையின் பெயர் வாவியின் இரு கரைகளுக்கும் பொதுவாக வழங்குமாயின், அப்பெயர் தோன்றிய காலத்தில் இடையிலிருந்த நீர் எல்லையாகக் கொள்ளப்படவில்லை என்பது தெளிவு. எல்லையாக இருந்திருப்பின் இரு கரைகளுக்கும் இரு பெயர்கள் ஏற்பட்டிருக்கும்.

மரபுவழிச் செய்திகளும் இதனையே கூறுகின்றன. கலிங்க நாட்டிலிருந்து வந்த உலகநாச்சி என்னும் அரசி மண்முனையில் இருந்து ஆண்டாள் எனவும், எழுவான்கரையிற் கோயிற்குளத்தில் காசிலிங்கத்தை வைத்துக் கோயில் எடுத்தாள் எனவும், படுவான்கரையிற் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரத்தையும் அவளே எழுப்பினாள் எனவும் கூறுவர். கொக்கட்டி மரத்தை வேடன் ஒருவன் வெட்டியபோது குருதி பெருகியதென்றும் அவ்விடத்தில் இலிங்கம் வெளிப்பட்டதென்றும் அக்கோயிலின் தோற்றக் கதை அமைகின்றது. இவற்றை ஆண்டு வரையறுத்த வரலாறாகக் கொள்ளுதல் இயலாது. எனினும் கதை இயற்றியோர் மனத்தில் இரு கரைகளும் ஒரே அரசியின் ஆட்சிக்கும் ஒரே துறைக்கும் உட்பட்டவையாக விளங்கின என்பதை இவை நன்கு உணர்த்துகின்றன. நமக்கு வேண்டுவதும் அதுவே.

தான்தோன்றீச்சரம் மட்டக்களப்பின் தேசத்துக் கோயில்களுள் ஒன்று. ஓர் ஊருக்கோ ஒரு குடிக்கோ மட்டும் உரியதன்றித் தேசம் முழுவதற்கும் உரிய கோயில் என்பது இத்தொடரின் பொருள். 'தேரோடும் கொக்கட்டிச்சோலை' என மக்கள் அதனைப் போற்றுவர். தேர்த்திருவிழாவுக்கு எழுவான்கரை ஊர்களிலிருந்து மக்கள் திரளாகச் செல்வது நெடுநாள் வழக்கம். மண்முனைத் துறையைக் கடந்து அவர்கள் நடந்த தடமே இன்றைய வீதியின் முதல் வடிவம் என்று கொள்ளுதல் பொருந்தும். இவ்வீதியை ஓர் அரசாங்கம் திட்டமிட்டு வகுக்கவில்லை. அடியார் கால்களும் நெல் ஏற்றிய வண்டில்களும் வகுத்தன.

நெல் பற்றியும் இங்குக் கூறுதல் வேண்டும். எழுவான்கரை மணற்பட்டியில் தென்னையும் மீன்பிடியும் நெசவும் வாணிகமும் உண்டு, பெருவயல் இல்லை. ஆகவே கரையோர ஊர்களில் வாழ்வோர் பலருக்கும் வயல் இருந்தது படுவான்கரை வட்டைகளிலேயே. தமிழரும் முசுலிம்களும் இதில் வேறுபட்டிலர். விதைப்புக் காலத்தில் துறையைக் கடந்து, வட்டையில் வாடி அடித்துத் தங்கி, வட்டவிதானையின் நீர்முறைக்கு அமைந்து உழைத்து, சூடு மிதித்தபின் நெல்லுடன் மீள்வது ஆண்டுதோறும் நிகழ்ந்தது. போடியார் வீடு ஒரு கரையிலும் களம் மறு கரையிலும் இருப்பது பொதுவழக்கம். வாவி இவ்வாழ்க்கையின் குறுக்கே கிடந்த தடையன்று. வீட்டுக்கும் களத்துக்கும் இடைப்பட்ட முற்றமாகவே அது விளங்கிற்று.

கடத்தற் கலத்துக்கு இப்பகுதியினர் வழங்கும் பெயர் இவ்விடத்து மிகவும் பொருத்தமானது. மனிதர் ஏறும் சிறு கலத்தைத் தோணி என்பர். வண்டிலும் மாடும், பிற்காலத்தில் மோட்டார் வாகனமும் ஏறத்தக்கதாகப் பலகை பரப்பி அமைத்த அகன்ற மிதவையைப் 'பாதை' என்பர். 'பாதை வந்துவிட்டது', 'பாதை அக்கரையில் நிற்கின்றது' என்று துறையிற் காத்திருப்போர் பேசிக்கொள்வதைக் கேட்கும் புதியவர் சற்றே மயங்குவர். பாதை வருவதும் நிற்பதும் எங்ஙனம்? இச்சொல்லின் பிறப்பை மொழிநூலார் ஆராய்க. வழக்கில் அஃது உணர்த்தும் கருத்து நமக்குப் போதும். நிலத்திற் கிடப்பதும் பாதை. நீரில் மிதப்பதும் பாதை. வீதி கரையில் முடிந்துவிடாமல் மிதந்து சென்று மறு கரையில் மீண்டும் தொடங்குகின்றது.

ஐரோப்பியர் வருகையின் தொடக்கத்திலும் மட்டக்களப்பு மேற்கு நோக்கிய வாயிலாகவே விளங்கியது. 1602ஆம் ஆண்டு யோரிசு வான் ஸ்பில்பேர்கன் என்னும் ஒல்லாந்தத் தளபதி இக்கரையில் இறங்கி உள்நாட்டு வழியே கண்டி அரசனிடம் சென்றான். போர்த்துக்கேயர் 1628இற் புளியந்தீவிற் கோட்டை கட்டியதன் நோக்கங்களுள் ஒன்று கண்டி அரசின் இவ்வாயிலை அடைப்பதாகும். 1638 மே மாதத்தில் ஒல்லாந்தர், இரண்டாம் இராசசிங்கனின் துணையோடு அதனைக் கைப்பற்றினர். கொக்கட்டிச்சோலையிற் கல் நந்தி எழுந்து புல்லுண்டு போர்த்துக்கேயத் தளபதியை வெருட்டியது என்னும் கதை இக்காலத்து அச்சத்தின் நினைவாகலாம். கோட்டையின் ஆட்சி கரையோரத்தில் நிலைகொண்டமையால் உள்நாட்டு வழிகள் பழையபடியே தொடர்ந்தன.

மாற்றம் வந்தது பிரித்தானியர் காலத்தில். 1848ஆம் ஆண்டின் வீதிச் சட்டம் 18 வயதுக்கும் 55 வயதுக்கும் இடைப்பட்ட ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதிவேலை செய்யவேண்டும் அல்லது அதற்கீடாகப் பணம் செலுத்தவேண்டும் என விதித்தது. இலங்கை முழுவதும் வீதிகள் பெருகுவதற்கு இச்சட்டம் துணையாயிற்று. மட்டக்களப்பிலோ வீதியின் திசை வடக்கும் தெற்குமாக அமைந்தது. புளியந்தீவிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் எனக் கரையோரமாக ஓடும் வழியே முதன்மை பெற்றது. இன்று கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில் வழியாக மட்டக்களப்பை அடையும் ஏ-4 நெடுஞ்சாலையின் இறுதிப் பகுதி இதுவாகும். நாட்டின் மிக நீண்ட வீதிகளுள் ஒன்றான அந்நெடுஞ்சாலைக்குப் பக்கக் கிளையாகவே நம் சிறுவீதி தொங்குகின்றது.

கரையோர வீதிக்குப் பாலங்கள் கிடைத்தன. கல்லடியில் வாவியின் குறுக்கே அமைந்த இரும்புப் பாலம் 1924இல் நிறைவெய்தியது. அக்காலத் தேசாதிபதி மானிங் துரையின் துணைவியார் பெயரால் அது வழங்கியது. பாடும் மீனைக் கேட்க விரும்பியோர் நிலவொளியில் அப்பாலத்தின் அருகே தோணிகளில் அலைந்தமையை அறியாதவர் இலர். நீரரமகளிரைப் பற்றி விபுலாநந்த அடிகள் பாடியதும் இவ்வாவியின் ஒலி கேட்டே. 1928இற் புகையிரதமும் மட்டக்களப்பை அடைந்தது. இவ்வாறு நகரும் எழுவான்கரையும் கொழும்போடு இணைந்தன. படுவான்கரையோ தன் நேரெதிரே உள்ள ஆரையம்பதியோடு இணைவதற்கு இன்னும் மிதவையையே நம்பியிருந்தது. வடக்கே வலையிறவும் தெற்கே பட்டிருப்பும் காலப்போக்கிற் பாலம் பெற்றன. அவை இரண்டும் கொக்கட்டிச்சோலையார்க்குச் சுற்றுவழிகள். நடுவேயுள்ள மண்முனை, அம்பிளாந்துறை ஆகிய இரண்டும் துறைகளாகவே நின்றன.

நீர் எல்லையாக மாறத் தொடங்கியது இக்காலத்தில் என்பதே எமது கருத்து. எல்லோரும் தோணியிற் சென்ற காலத்தில் தோணியிற் செல்வது குறையாகத் தோன்றவில்லை. ஒரு கரையிற் பேருந்தும் மின்விளக்கும் வைத்தியசாலையும் உயர்தரப் பாடசாலையும் வந்து, மறு கரை முன்போலவே இருந்தபோது, இடைப்பட்ட நீர் அகலத் தொடங்கிற்று. மாரி மழை பெய்யும் மாதங்களில் இது மேலும் கடுமையாயிற்று. இப்பகுதியின் மழையிற் பெரும்பங்கு கார்த்திகை, மார்கழி, தை மாதங்களிற் பெய்கின்றது. மேற்கிலிருந்து வரும் ஆறுகள் வாவியை நிரப்ப, முகத்துவாரத்து மணல்மேடு வெட்டப்பட்டுக் கடல்வழி திறக்கும்வரை வெள்ளம் வயல்களையும் துறைவழிகளையும் மூடும். காற்றும் நீரோட்டமும் மிகுந்த நாளிற் பாதை இயங்காது. பிரசவ வேதனையுற்ற பெண்ணும் பாம்பு தீண்டியவனும் காற்று அடங்கும்வரை கரையிற் காத்திருக்க முடியுமா? எழுவான்கரையில் வாழ்ந்து படுவான்கரையிற் கற்பித்த ஆசிரியர்க்கு நேரசூசியை வகுத்தது கல்வித் திணைக்களம் அன்று, துறையே. 1978 நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளி மாவட்டம் முழுவதையும் சிதைத்தபோது, இவ்வகைத் தனிமையின் விலை எவ்வளவு என்பது நன்கு வெளிப்பட்டது.

பின் வந்த போர்க்காலம் இவ்வெல்லையை ஆயுதம் தாங்கிய எல்லையாக்கிற்று. 1987 சனவரியிற் கொக்கட்டிச்சோலைப் பகுதியில், இறால் பண்ணையிற் பணிபுரிந்தோர் உட்படப் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டனர். 1991 சூன் 12ஆம் நாள் கண்ணிவெடியில் இராணுவத்தினர் இருவர் இறந்ததைத் தொடர்ந்து மகிழடித்தீவிலும் அயலிலும் மீண்டும் பொதுமக்கள் கொல்லப்பட்டனர். அரசாங்கம் அமைத்த விசாரணைக் குழுவே இறந்தோர் அறுபதின்மருக்கு மேற்பட்டோர் எனக் கண்டது. ஊரவர் கூறும் தொகை இதனினும் மிகப் பெரிது. வீதியொன்றின் வரலாற்றில் இவற்றை ஏன் கூறவேண்டும் என ஒருவர் வினவலாம். இவ்வீதியின் இருமருங்கும் உள்ள ஊர்களிலேயே இவை நிகழ்ந்தன. இவற்றை விடுத்து வீதியின் நீள அகலத்தை மட்டும் கூறுவது வரலாறாகாது.

1990களிலிருந்து 2007வரை படுவான்கரையின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலும் எழுவான்கரை அரச படையினரின் கட்டுப்பாட்டிலும் இருந்தன. அரசாங்க ஆவணங்கள் மேற்குக் கரையை 'விடுவிக்கப்படாத பிரதேசம்' எனக் குறித்தன. மண்முனைத் துறை சோதனைச் சாவடியாயிற்று. எரிபொருளும் சீமெந்தும் மின்கலங்களும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. ஒருகாலத்தில் இரு கரைகளுக்கும் பொதுப்பெயர் தந்த இடம், அடையாள அட்டையின்றி யாரும் நெருங்கவியலாத இடமாயிற்று. எழுவான்கரையில் வாழ்ந்த வயலுடையார், குறிப்பாக முசுலிம் விவசாயிகள், தம் வட்டைகளுக்குச் செல்லவியலாது தவித்தனர். படுவான்கரையார் விளைத்த நெல்லுக்கு உரிய விலை பெறவியலாது தவித்தனர். ஒரே வயல், ஒரே நீர். இரு பக்கத்தாரும் இழந்தனர். 2007 மார்ச்சில் அரச படையினர் படுவான்கரையைக் கைப்பற்றியபோது மக்கள் பெருந்திரளாக வாவியைக் கடந்து கிழக்கே வந்தனர். மாவட்டத்தில் இடம்பெயர்ந்தோர் தொகை அக்காலத்தில் ஓர் இலட்சத்தைத் தாண்டியது. துறை தன் வரலாற்றிற் கண்ட மிகப் பெரிய கூட்டங்களுள் இதுவும் ஒன்றாகலாம்; ஆனால் இவர்கள் தேர் காணச் சென்றவர்கள் அல்லர்.

போர் தணிந்த பின் வடக்கிலும் கிழக்கிலும் துறைகள் ஒவ்வொன்றாகப் பாலங்களாயின. திருகோணமலை வீதியிற் கிண்ணியாப் பாலம் 2009இலும், யாழ்ப்பாணத்தையும் பூநகரியையும் இணைக்கும் சங்குப்பிட்டிப் பாலம் 2011இலும் திறக்கப்பட்டன. கல்லடியிற் பழைய இரும்புப் பாலத்தின் அருகே புதிய பாலம் 2013 மார்ச்சிற் பாவனைக்கு வந்தது. மண்முனைப் பாலம் யப்பானிய அரசின் நன்கொடையால் அமைந்து 2014 ஏப்பிரலிற் திறக்கப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 210 மீற்றர். இரு புறமும் மண் நிரப்பிய அணைவழி நீருக்குள் நீண்டு பாலத்தைத் தொடுகின்றது. மண்முனை என்னும் பெயர்க்குப் புதிய பொருளும் இதனாற் கிடைத்ததென வேடிக்கையாகக் கூறலாம். இப்பொழுது மண்ணின் முனைகள் இரண்டு.

பாலத்தின் பயன் வெளிப்படை. நெல் ஏற்றிய உழவு இயந்திரமும் லொறியும் நேரே கரையோர நெடுஞ்சாலையை அடைகின்றன. படுவான்கரை மாணவரும் நோயாளரும் துறையிற் காத்திருத்தல் ஒழிந்தது. ஆயினும் இருபொருள்களை ஆராய்வோர் மனத்திற் கொள்ளுதல் நன்று. முதலாவது, அணைவழியால் ஒடுங்கிய நீரோட்டம். இவ்வாவி ஆழமற்றது, ஓட்டம் தளர்ந்தால் வண்டல் படியும். மீனும் இறாலும் வடக்கும் தெற்குமாகச் செல்லும் வழி இவ்விடைவெளி ஒன்றே. மீனவர் அனுபவத்தையும் நீரளவைக் கணக்குகளையும் ஒருங்கு வைத்து இதனை நோக்கவேண்டும். இரண்டாவது, துறையைச் சார்ந்து வளர்ந்த அறிவு. நீரின் நிறங்கண்டு ஆழம் அறிதல், காற்றுக்கேற்பக் கம்பூன்றுதல், நிறையை மிதவையிற் பகிர்ந்தேற்றுதல் ஆகியன ஏட்டில் எழுதப்படாத கலைகள். அவற்றை அறிந்தோர் முதுமை எய்திவிட்டனர். பிரித்தானியர் காலத்தில் ஆறு கடக்கும் துறைகளிற் கட்டணம் வாங்கும் உரிமையைக் குத்தகைக்கு விடுவது நாடெங்கும் வழக்கம். அக்குத்தகைக் கணக்குகள் கச்சேரிப் பதிவுகளிலிருந்து தொகுக்கப்படுமாயின், எத்தனை வண்டில் எத்தனை மாட்டோடு எம்மாதத்திற் கடந்தது என்பதனை வைத்தே வாவிக்கரை வேளாண்மையின் வரலாற்றை எழுதிவிடலாம். நம் சங்கத்து மாணவர் எவரேனும் இதனை மேற்கொள்வாராயின் நன்று.

மண்முனையிற் பாலம் அமைந்த பின்னரும் தெற்கேயுள்ள இரு துறைகளிற் பழைய முறையே தொடர்ந்தது. குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கும், குறுமண்வெளியிலிருந்து மண்டூருக்கும் மக்களையும் வாகனங்களையும் மிதவையே ஏற்றிச் சென்றது. சின்னக் கதிர்காமம் எனப் போற்றப்படும் மண்டூர் முருகன் கோயிலின் ஆவணித் திருவிழாக் காலத்தில் குறுமண்வெளித் துறையில் மக்கள் நெடுநேரம் வரிசையில் நிற்பர். கரையில் நிற்பவர், பாதை எங்கே என்று கேட்பார். மறு கரையைச் சுட்டி, இப்பொழுது அங்கே நிற்கின்றது, வரும் என்று மற்றவர் விடையிறுப்பார்.